மூன்று முறை திருப்பிய மனு

பெறுநர்: ஜெயங்கொண்டத்தில் இருக்கும் என் அக்கா அனுசுயா
பொருள்: ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவது தொடர்பாக
பார்வை: உன் மூன்று போன்கள், மாமாவின் ஒரு திட்டு

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் மாமாவும் முந்திரித் தோப்பும் நலமென்று நம்புகிறேன். இங்கே பெரம்பலூரில் வெயிலைத் தவிர எல்லாரும் என்னைக் கண்டால் ஒதுங்கித்தான் போகிறார்கள். போனில் பேசினால் நடுவில் அழுதுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

பத்திரிகை அடித்த பிறகு அந்த பிரசாத் துபாய்க்குப் போய் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டதிலிருந்து எனக்கு யாரிடமும் நல்ல முகம் காட்ட வருவதில்லை, உனக்கே தெரியும். தினம் பஸ் ஏறிப் போகிற தாலுகா ஆபீசில் என் மேசைக்கு வந்த மனு குறையில்லாமல் போனதில்லை. மிச்சமான பத்திரிகைகளின் பின்பக்கத்தில்தான் ஆறு வருஷமாகக் குறிப்பு எழுதித் தீர்க்கிறேன். போன மாதம் திருமானூரிலிருந்து அறிவழகன் என்று ஒருவர் வந்தார். எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மனைவி இறந்து ஒன்றரை வருஷம், வாரிசுச் சான்றிதழ் வேண்டும். கூடவே மகள் இலக்கியா, இரண்டாம் வகுப்பு. ஒரு சடை காதுக்கு மேலே, இன்னொன்று தோளுக்குக் கீழே. அப்பா பின்னிவிட்டதாம். முதல் தடவை போட்டோ இல்லை என்று திருப்பினேன், அது நியாயம். அடுத்த தடவை கையெழுத்து கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றேன், அது பாதி நியாயம். மூன்றாம் தடவை குறையே இல்லை அக்கா. மனுவை நாலாக மடித்துவிட்டீர்கள் என்று திருப்பினேன். மனுஷன் கோபப்படவில்லை. என் தலைக்கு மேலே கத்திக்கொண்டிருந்த ஃபேனை அண்ணாந்து பார்த்தார், ஸ்டூல் போட்டு ஏறி, பையிலிருந்த எண்ணெயை அதற்கு விட்டுவிட்டுப் போனார். அவர் மறுபடி வரவேண்டும் என்றுதான் திருப்பியிருக்கிறேன் என்பது சாயங்காலம் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. நாலு ரோட்டில் இறங்க வேண்டியவள் பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி நடந்தேன்.

அந்தக் குறையை எழுதிக் கொடுத்த தாள்தான் வினை. அடுத்த தடவை வந்தபோது இலக்கியா அதைத் திருப்பி, என் பெயரையும் பிரசாத் பெயரையும் ஆபீசுக்கே கேட்கிற மாதிரி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இந்தக் கல்யாணத்துக்கு நாம போனமாப்பா?" என்றாள். டைப் அடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. அவர் தாளை வாங்கி என் மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"அது நடக்கலைங்க," என்றேன்.

"எங்களுது நடந்துச்சுங்க. ஆளுதான் இல்லாம போயிட்டாங்க."

அவ்வளவுதான் பேச்சு. மனுவை வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது அந்தச் சின்னது முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நின்றது. இரண்டு சடையையும் அவிழ்த்துச் சமமாகப் பின்னிவிட்டேன். தேங்காயெண்ணெய் வாசனை போய்விடுமே என்று அன்று சாயங்காலம் வரை கை கழுவவில்லை.

சான்றிதழ் திங்கட்கிழமையே தயார். நாலு நாளாக என் டிராயரில் பூட்டி வைத்திருக்கிறேன். கொடுத்துவிட்டால் அவருக்கு இந்தப் பக்கம் வர என்ன வேலை? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே தலை தானாக நிமிர்கிறது. முப்பத்தொன்பது வயதில் இது என்ன கூத்து என்று என்னையே திட்டிக்கொள்கிறேன், ஏக்கம் குறைந்தபாடில்லை. ஆனாலும் இன்னொரு வீட்டுக் காகிதத்தை என் ஆசைக்காகப் பூட்டி வைப்பது தப்பு. இன்றைக்கு வரச் சொல்லி போன் செய்துவிட்டேன். ஆகவே நீ பார்த்த விருத்தாசலத்து மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தாராளமாக வரட்டும். நீ சொன்ன பச்சைப் புடவையையே கட்டிக்கொள்கிறேன். சிரிக்கவும் முயற்சி செய்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். உன் மகள் நந்தினி பரீட்சையை நல்லபடியாக எழுதட்டும்.

இப்படிக்கு,
திருந்திவிட்ட உன் தங்கை,
சிந்தாமணி

பி.கு.: கவரை ஒட்டுமுன் அவர் வந்துவிட்டார். சான்றிதழைக் கொடுத்தேன். மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பி நீட்டினார். "சீல் சரியா விழலீங்களே மேடம். நாளைக்கு வந்து வாங்கிக்கட்டுங்களா?" சீலைக் குத்தியது நான்தான் அக்கா. தாளின் பின்பக்கம் வரை தெரிகிற மாதிரி அமுக்கிக் குத்தியிருந்தேன். ஆமாங்க, சரியா விழலைதான், நாளைக்கே வாங்க என்று சொல்லிவிட்டேன். விருத்தாசலத்துக்காரர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடு.