தண்ணீர் இடைவேளையை வெட்டியவர்

இலங்கை ஆடிய கிரிக்கெட் ஆட்டங்களில் ஒரு பந்தைக்கூடத் தவறவிடாதவர் ஒருவர் உண்டென்றால், அவர் நடுவர் அல்ல. நடுவருக்குக் கண்ணில் தூசி விழும். ஸ்கோர் எழுதுபவர் தும்முவார். மாத்தளையில், திருகோணமலை வீதியிலிருந்து பிரியும் ஒரு சிறு தெருவில் ரேடியோ, டிவி திருத்தும் கடை வைத்திருந்த கத்தரி அண்ணனோ தும்மலைக்கூட ஓவர் முடியும்வரை அடக்கி வைத்திருப்பார்.

போரின் கடைசி ஆண்டுகள் அவை. உலகமெங்கும் சிதறிக் கிடந்த நம் நாட்டு இரசிகர்கள் இன்டர்நெட்டில் ஒரு தளம் வைத்து, டிவியில் பதிவுசெய்த ஆட்டங்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள். அதில் மாத்தளையின் பிரதிநிதி எங்கள் அண்ணன். ஒரு பழைய கொம்பியூட்டரில் டிவி கார்ட் ஒன்றைப் பொருத்தி, ஆட்டம் நடக்க நடக்கப் பதிவு செய்வார். ஓவர் முடிந்ததும் பொத்தானைத் தட்டி நிறுத்துவார். விளம்பரம் போனதும் மறுபடி தட்டுவார். பந்தும் மட்டையும் தவிர வேறெதுவும் பதிவில் இருக்கக் கூடாது என்பது அவருடைய மதம். வர்ணனையாளரின் அரட்டை, கூட்டத்தில் சிரிக்கும் கைக்குழந்தை, மைதானத்துக்கு மேல் வட்டமிடும் பருந்து எல்லாம் போய்விடும். கத்தரி என்ற பெயர் அப்படி வந்தது.

பெயரை நம்பி ஒரு பெண் சட்டைத் துணியோடு கடைக்கு வந்துவிட்டாள். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அண்ணன் திரும்பிப் பார்க்காமலே, "அளவு சட்டைய வச்சிட்டுப் போங்க" என்றார். மறுநாள் அண்ணி அந்தத் துணியை உண்மையான தையற்காரர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

நான் அப்போது அந்தக் கடைக்கு மேலிருந்த அறையில் வாடகைக்கு இருந்த அரசாங்க எழுதுவினைஞன். தளத்தில் அவர் போட வேண்டிய ஆங்கில வாசகங்களை எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரே வாசகம்தான்: "நல்ல ஆட்டம், பாருங்கள்." நாம் படுதோல்வி அடைந்த நாட்களிலும் அதுவே. முடிவு முன்கூட்டியே தெரிந்தால் ஆட்டம் செத்துப்போகும் என்பார். தெருமுனைத் தேத்தண்ணிக் கடைக்காரரான முஸ்லிம் நானா ஒருநாள், ஆட்டம் பார்க்காத ஒருவர் காதுபட ஸ்கோரைச் சொல்லிவிட்டார். அண்ணன் பாதித் தேநீரோடு எழுந்து வந்தவர், அந்தக் கடைப்பக்கம் வெகுநாள் போகவில்லை.

அண்ணனுடைய கொழுந்தியாளின் கல்யாணம் ஓர் ஆட்ட நாளில் அமைந்தது. அண்ணன் இரண்டு இன்னிங்சுக்கும் நடுவிலான இடைவேளையில் போய், வாழ்த்தி, படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் படத்தில் எல்லோரும் கைகூப்பி நிற்க, இவர் மட்டும் பொத்தானைத் தட்டப் போகிறவர்போல ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் மூட்டை தூக்கும் நண்பர்களுக்குச் சீடி கொண்டுபோவதும் அவர் வழக்கம். ஒருமுறை நானும் கூடப் போனேன். வழியில், நாலந்தா என்னும் ஊருக்குப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். தோளில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் அண்ணனின் பையைத் திறந்தார். பெயர் எழுதாத சீடிகள் ஒரு கட்டு, வைத்திருப்பவர் தமிழர். ஆளைப் பிடித்துப்போக அந்த நாட்களில் இவ்வளவு போதும்.

"கிரிக்கெட் மெட்ச், மாத்தயா" என்று சிங்களத்தில் ஐயா போட்டுச் சொன்னார் அண்ணன்.

சிப்பாயின் முகம் மாறியது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தன்று அவருக்குக் காவல் வேலையாம். யார் வென்றது என்று சிங்களத்தில் கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணன் என் காலை மிதித்தார். பிறகு ஒரு சீடியை உருவிச் சிப்பாயின் கையில் வைத்து, "சொல்ல மாட்டேன், போட்டுப் பாருங்க" என்று அவருடைய மொழியிலேயே சொன்னார். சிப்பாய் சீடியையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்தார். ஏறச் சொன்னார்.

பஸ் நகர்ந்ததும் அண்ணன் பக்கம் குனிந்தேன். "துவக்கு வச்சிருக்கிறவன் கேட்டா சொல்லிற வேண்டியதுதானே?"

"துவக்கு வச்சிருந்தாலும் அவன் இன்னும் மெட்ச் பாக்கலியே, சேர்."

இப்படிப்பட்டவரிடம்தான் ஒருநாள் இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பார்வதியம்மா வந்து சேர்ந்தார். கொழுந்து பறிப்பவர். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"தம்பி, தம்புள்ளையில நடந்த மெட்ச் ஒங்ககிட்ட இருக்குன்னாங்க."

"எது இல்லைன்னு கேளுங்கம்மா."

"அதுல எம் மகன் வாறானாம்."

மகன் சிவா நன்றாகப் பந்து வீசுவான். பயிற்சியில் வீரர்களுக்குப் பந்து வீசத் தம்புள்ளைக்குப் போனவனை, ஆட்டத்தன்று அணியின் உடுப்பைப் போடவைத்துத் தண்ணீர் கொண்டுபோக அனுப்பியிருக்கிறார்கள். டிவியில் அது வந்த நேரம் அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நின்றார்.

"லீவு கேட்டேன், குடுக்கல. அடுத்த கெழமையே அவன் கட்டாருக்கு வேலைக்குப் போயிட்டான். இனி எங்க பந்தத் தொடப் போறான். அந்த உடுப்புல அவன ஒருக்கா பாத்துட்டாப் போதும் தம்பி."

"ஒரு பந்துகூட விடலம்மா. ஒக்காருங்க" என்று அண்ணன் பெருமையோடு சீடியைப் போட்டார்.

ஓவர் ஓவராக ஓடியது. மட்டைவீரர் தலைக்கவசத்தைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். அடுத்த நொடியே பந்துவீச்சாளர் ஓடிவந்துகொண்டிருந்தார். அண்ணன் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் அதே. இன்னும் கொஞ்சம் முன்னுக்கு ஓட்டினார். அங்கும் அதே.

பார்வதியம்மா பொறுமையாகக் கேட்டார்: "ஏன் தம்பி, எல்லாரும் தாகத்தோடயேவா வெளையாடுறாங்க?"

அண்ணன் டிவியை அணைத்தார். ஆட்டத்தின் நடுவில் அவர் டிவியை அணைத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "தண்ணி குடிக்கிறத நான் வெட்டிருவேம்மா" என்றார், தரையைப் பார்த்து.

"சரி பரவால்ல. தண்ணி குடுக்கிறத யாரு பாப்பாங்க" என்று அந்த அம்மா குடையை எடுத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் அண்ணன் அன்று சாப்பிட்டிருப்பார்.

தளத்தில் ஓமானிலிருந்து ஆட்டங்களைப் போடும் குருநாகல்காரர் ஒருவர் இருந்தார். எதையும் வெட்டாமல், பற்பசை விளம்பரம் உட்பட அப்படியே போடுவார். "பற்பசைக்காரர் விளையாட்டை அவமதிக்கிறார்" என்று என்னை எழுதவைத்து, ஊரறிய அவரைத் திட்டியிருந்தார் அண்ணன். இப்போது அவரிடம்தான் கேட்க வேண்டும்.

"எப்புடி எழுதுறது சேர்? மன்னிப்புன்னு வராம, ஆனா அவருக்கு வெளங்குற மாதிரி."

சிவாவின் அம்மாவைப் பற்றி நான்கு வரி எழுதிப் போட்டேன். பதில் வந்தது: "முழு ஆட்டமும் இருக்கிறது. பற்பசையோடு வேண்டுமா, பற்பசை இல்லாமலா?"

அண்ணன் அதை என்னை இரண்டு தடவை வாசிக்கவைத்தார். "பற்பசையோட அனுப்பச் சொல்லுங்க."

அது வந்து இறங்கியதே பெரும்பாடு. போன் வழியாக வரும் இன்டர்நெட். துண்டு துண்டாக வரும். பாதியில் இடி இடிக்கும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த நாட்களில் யாரும் அந்த வீட்டுக்குப் பேச முடியவில்லை. "தங்கச்சிக்குப் பேசப் போனத் தூக்கினா உள்ள யாரோ கிறீச்சுன்னு கத்துறாங்க. பயந்து போயிட்டேன்" என்றார் அண்ணி. அண்ணன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. நாட்டின் ஆட்டம் ஒன்று டிவியில் நடந்துகொண்டிருந்தபோதும், அவர் அதைப் பதிவு செய்யாமல் இந்தத் துண்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சீடியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு த்ரீவீலரில் தோட்டத்துக்குப் போனோம். கோயில் மண்டபத்து டிவிக்கு முன்னால், தொழிலாளர் குடியிருக்கும் லயமே திரண்டிருந்தது. முன்வரிசையில் பார்வதியம்மா, திருவிழாச் சேலையில். பற்பசை வந்தது. பிஸ்கட் வந்தது. சவர்க்காரம் வந்தது.

"அண்ணே, ஓட்டி விடுங்க" என்றது கூட்டம்.

"ஒண்ணையும் ஓட்ட மாட்டேன்" என்று ரிமோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார் அண்ணன். "எதுக்குள்ள எது இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

சிவா வந்தான். காதுவரை இறங்கிய தொப்பி, தோளில் துவாய், இரண்டு கையிலும் போத்தல். மைதானத்தின் நடுவுக்கு ஓடிவந்து, மட்டைவீரருக்கு ஒரு போத்தலை நீட்டி, ஏதோ சொல்லிச் சிரித்தான். பார்வதியம்மா எழுந்து டிவிக்கு அருகில் போனார். கண்ணாடிமேல் கையை வைத்தார்.

"எளச்சிப் போயிட்டான்" என்றார். பிறகு, "இந்தத் தண்ணிய வாங்கிக் குடிக்கிறவரு யாரு தம்பி?"

மண்டபமே திரும்பி அவரைப் பார்த்தது. அந்த மட்டைவீரரின் பெயர் தெரியாதவர் அன்றைய இலங்கையில் தேடினாலும் கிடைக்கமாட்டார். அண்ணன் தன் மூத்த மகனுக்கே அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார்.

"யாரோ தாகத்துல நின்னவரும்மா" என்றார் கத்தரி அண்ணன். "நீங்க ஒங்க மகனப் பாருங்க."

சொல்லிவிட்டு, அந்த அம்மா கேட்காமலே அந்த இடத்தை மறுபடி போட்டார்.