நெபுலாவுக்கு அமர்ந்தவர்கள்

முன்வரிசைக் கதிரைகளில் இடமிருந்து வலமாக: பட்டு வேட்டியோடு ஐயாத்துரை, கூறைச் சேலையோடு அவர் மனைவி அருந்ததி, புதுத் தொப்பியோடு கடைக்காரர் ஜமால்தீன். பின்னால் இரண்டு நீட்டு வாங்குகளில் குடியேற்றத்திட்டத்தின் மிச்சச் சனம், தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியபடி. எல்லோரும் வயலையும் அதற்கப்பால் காட்டையும் பார்த்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரே, வயலுக்கு முதுகு காட்டி, கமறாவோடு விஞ்ஞான ஆசிரியர் கதிர்காமநாதன்.

கமறா மட்டும் வானத்தைப் பார்த்திருந்தது.

"மாஸ்டர், உங்கடை கமறா மல்லாந்து போச்சுது" என்றார் ஐயாத்துரை.

"அது சரியாத்தான் நிக்குது அண்ணை. நான் எடுக்கப்போறது நெபுலா. நட்சத்திரங்களுக்கு நடுவிலை புகை மாதிரித் தெரியிற ஒளிமுகில்."

"அப்ப நாங்கள்?"

பிழை ஆசிரியருடையதுதான். "அமாவாசையண்டு பொழுதுபடக் களத்திலை படம் எடுக்கப்போறன், ஒருத்தரும் விளக்குக் கொளுத்தாதேங்கோ" என்று வீடுவீடாகச் சொன்னவர், எதைப் படம் எடுப்பதென்று சொல்ல மறந்துவிட்டார்.

கமறாவில் போட இருந்ததோ ஒரேயொரு கண்ணாடித் தகடு, ஒரு படத்துக்குத்தான் காணும். கொழும்பில் நடக்கும் வானியல் கண்காட்சிக்கு மாசி முடியுமுன் படம் போய்ச் சேரவேண்டும். 'வன்னி இருட்டில் எடுத்துக் காட்டுகிறேன்' என்று அதன் செயலாளருக்கு எழுதி, வீறாப்பாக ஒப்பமும் வைத்தாயிற்று. தவறினால் மானம் போகும்.

"இந்த இருட்டிலை ஆக்களை எடுக்கேலாது" என்று தப்பப் பார்த்தார்.

"அவ்வளவுதானே!" என்று எழுந்து ஓடிய ஜமால்தீன், கடையிலிருந்த பெற்றோமாக்ஸ் விளக்கோடு திரும்பி வந்தார். களம் பகலாயிற்று. வானத்தில் ஒரு நட்சத்திரம் மிச்சமில்லை.

"ஐயோ நானா, அணையுங்கோ!"

"நீங்கதானே மாஸ்டர் இருட்டெண்டு சொன்னீங்க?"

கதிர்காமநாதன் தளரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இது புதுமுறைக் கமறா. வெளிச்சம் பட்டால் முகம் கருகித்தான் விழும். இருட்டிலைதான் வடிவா வரும். ஆனா முக்கால் மணித்தியாலம் அசையக்கூடாது. அசைஞ்சால் படத்திலை இரண்டு தலை."

"இந்த மனிசன்ரை ஒரு தலையோடையே நான் படுறபாடு காணும்" என்றாள் அருந்ததி. "இஞ்சேருங்கோ, ஆடாமல் இருங்கோ!"

பெற்றோமாக்ஸ் அணைந்தது. வயலோரத்தில் காவல் நெருப்பு மட்டும் எரிந்தது.

"அதையும் அணையுங்கோ."

"மாஸ்டர், நெல்லு விளைஞ்சு நிக்குது, காவல் நெருப்பெல்லோ..." என்று இழுத்தார் ஐயாத்துரை.

"முகம் கருகினால் என்னைக் கேக்கக்கூடாது."

நெருப்பும் அணைந்தது. கதிர்காமநாதன் கமறாவைத் திறந்து, அதன் பக்கத்தில் பூட்டிய சிறு தொலைநோக்கியில் கண்ணை வைத்து, வானத்தோடு கூடவே கமறாவும் நகரும்படி திருகாணியை மெல்ல மெல்லத் திருப்பினார். அணைத்த நெருப்பைச் சரிக்கட்ட யாரோ சுருட்டுப் பற்றவைத்தார்கள். அதட்டினார். யாரோ கடித்த நுளம்புக்கு அடித்தார்கள். அதற்கும் அதட்டினார். ஒருத்தி சிரித்தாள்.

பிறகு திடீரென்று எல்லாம் அடங்கிவிட்டது. இருமல் இல்லை, சொறியல் இல்லை. "பிள்ளையாரே, பிள்ளையாரே" என்ற ஐயாத்துரையின் முணுமுணுப்பு மட்டும்.

"வாயும் அசையக்கூடாது!" என்றார் ஆசிரியர், கண்ணை எடுக்காமலே.

அதுவும் நின்றது. பிடரியில் சூடாக ஒரு மூச்சுப் பட்டது.

"ஆரது எனக்குப் பின்னாலை? மூச்சை மெல்ல விடுங்கோ, கண்ணாடியிலை ஆவி படியப்போகுது."

உடனே மூச்சு விலகிற்று.

"முடிஞ்சுது, எழும்பலாம்" என்றபோது ஒருவரும் எழும்பவில்லை. அவர் கமறாவைக் கழற்றிப் பெட்டியில் வைத்த பிறகுதான், எல்லோருமாக எழுந்து கதிரைகளைப் போட்டது போட்டபடி ஓடினார்கள்.

கழுவிப் பார்த்தபோது, தகட்டின் நடுவில் நெபுலா, ஊதிவிட்ட திருநீறு போலத் தெளிவாக விழுந்திருந்தது. தங்கள் படம் எங்கேயென்று ஒருவரும் கேட்கவில்லை. அது அவருக்குப் பெரும் ஆறுதல்.

படத்தோடு வைக்க ஒரு கடிதம் எழுதினார். 'இவ்வெற்றிக்குக் காரணம் இவ்வூர் மக்களின் ஒழுக்கமே. என் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் சிலைகளாக அமர்ந்திருந்தார்கள்.' உறையை ஒட்டி, அரக்கு முத்திரையும் இட்டு, மாங்குளத்துக்குப் புறப்பட்ட ஐயாத்துரையிடம் தபாலில் போடக் கொடுத்தார்.

"உங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறன் அண்ணை. என்ரை வகுப்புப் பெடியள்கூட என்ரை சொல்லுக்கு அப்பிடி அசையாமல் இருக்கமாட்டினம்."

ஐயாத்துரை உறையை மடியில் பத்திரமாகச் செருகி, சைக்கிளில் ஏறி இரண்டு மிதி மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"உங்கடை சொல்லுக்கோ? நெருப்பு அணைஞ்ச கையோடை வந்த கொம்பன் ஆனை, கடைசிமட்டும் உங்கடை முதுகுக்குப் பின்னாலையெல்லோ நிண்டது, மாஸ்டர்!"