வழுக்கையில் பூத்த பீடை

அந்தப் பால் ஆலையில் அன்று பாலைவிடப் பக்தி அதிகமாகப் பொங்கியது. பாக்கெட் போடுகிறவர்கள், பெட்டி தூக்குகிறவர்கள், ஓட்டுநர்கள், அவர்கள் வீட்டு மாமியார்கள், எல்லோரும் வரிசையில் நின்றார்கள். மூன்று வாரமாகப் பால் பாக்கெட்டுகள் கடைக்குப் போய்ச் சேருவதற்குள் பலூன் மாதிரி உப்பித் திரும்பி வந்துகொண்டிருந்தன. ஆலையைப் பீடை பிடித்திருக்கிறது என்று முதலாளியின் மச்சான் கண்டுபிடித்தார். வாழ்நாளில் எதையும் கண்டுபிடிக்காத மனிதர், இதையாவது கண்டுபிடித்துவிட்டுப் போகட்டுமே! பீடையை ஓட்டச் செந்நீர்ச் சாமியாரை அழைத்து வந்தவரும் அவர்தான்.

சாமியாரிடம் இரண்டு குப்பிகள். முதல் குப்பித் தண்ணீர் பீடை இருக்கும் இடத்தில் பட்டால் சிவக்கும். இரண்டாவது குப்பித் தண்ணீரைத் தெளித்தால் சிவப்பு மறையும். பீடை ஓடிவிட்டது என்று பொருள். ஒவ்வொரு மந்திரம் முடிந்ததும் உள்ளங்கையால் வழுக்கையை ஒரு தடவு தடவிக்கொள்வார். கொதிகலன் பக்கத்தில் பீடைக்கு வேர்த்ததோ இல்லையோ, அவருக்கு நன்றாக வேர்த்தது.

பெரிய தொட்டியில் ஒரு சொட்டு விட்டார். ரோஜாச் சிவப்பு! கூட்டம் ஓரடி பின்வாங்கியது. பாக்கெட் இயந்திரத்துக்குப் போகும் குழாய் இணைப்பில் சொட்டு சிவக்கவில்லை; சுத்தமான இடம் என்று அதை ஆசீர்வதித்தார்.

"சாமி, எங்க மாமியார் கையிலயும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்களேன்" என்றாள் பாக்கெட் போடும் பெண் ஒருத்தி, ஆசையோடு.

விட்டார். சிவக்கவில்லை. மருமகளின் முகம் தொங்கிப்போயிற்று.

அடுத்து நின்றவள் நுரையக்கா. தொட்டியையும் குழாய்களையும் கழுவுகிறவள். பெற்றவர்கள் வைத்த பெயரை ஆலை எப்போதோ மறந்துவிட்டது. அன்று காலையில்தான் அந்தப் பெரிய தொட்டியைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரால் தேய்த்திருந்தாள். அலசி முடிப்பதற்குள் சாமியார் வந்துவிட்டார் என்று குழாயை மூடச் சொல்லிவிட்டார்கள். அவளுடைய கையுறை கிழிந்து மூன்று மாதமாகிறது. ஐந்து முறை கேட்டும் புதியது வரவில்லை.

அவள் கையில் சொட்டு விழுந்தது. உள்ளங்கை முழுக்க ரோஜாச் சிவப்பு.

"இதுதான்! பீடை குடியிருக்குற கை இதுதான்!" என்று சாமியார் கூவினார். "இந்தக் கை தொடுற வரைக்கும் இங்க பால் நிக்காது!"

முதலாளி யோசிக்கவே இல்லை. யோசிக்கும் வேலையைத்தான் மச்சானிடம் கொடுத்துவிட்டாரே! "நாளையிலேர்ந்து நீ வரவேண்டாம்மா" என்றார்.

நுரையக்காவின் வீட்டில் முதுகெலும்பு முறிந்து இரண்டு வருடமாகப் படுத்திருக்கும் கணவன், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். எல்லோருக்கும் சோறு போடும் கை இந்தக் கைதான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளும் அதைப் பயத்தோடு பார்த்தாள். நாலு பேர் சேர்ந்து சொன்னால் நம் கையே நமக்கு அந்நியமாகிவிடுகிறது.

சாமியார் இரண்டாவது குப்பியைத் திறந்து தெளித்தார். சிவப்பு மறைந்தது. ஆனால் ஒரு புளித்த நெடி அவள் மூக்கில் ஏறியது. வினிகர்! உடனே சோதனைக்கூடத்துத் தம்பியின் ஞாபகம் வந்தது. போன வருடம் வரை, அவள் அலசிய தண்ணீரில் இப்படித்தான் ஒரு சொட்டு விடுவான். "சிவந்துச்சுன்னா சோடா இன்னும் போகலைன்னு அர்த்தம்க்கா. இன்னொரு தடவை அலசிடுங்க" என்பான். சொட்டு விடுவதற்கு ஒரு ஆளா என்று முதலாளி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நுரையக்கா ஓரத்தில் இருந்த தன் சோடாத் தண்ணீர் வாளியில் இரண்டு கையையும் முக்கினாள். ஓடிவந்து சாமியாரின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமி! பிள்ளைகுட்டிக்காரி சாமி! நீங்கதான் காப்பாத்தணும்!"

"விடும்மா, விடு!" என்று கையை உருவிக்கொண்டவர், பழக்கதோஷத்தில் வழுக்கையை ஒரு தடவு தடவினார்.

"உங்களுக்கும் ஒரு சொட்டு பார்த்துடுவோமே" என்றாள் நுரையக்கா. பதிலுக்குக் காத்திராமல் முதல் குப்பியை எடுத்து அவர் தலையில் கொஞ்சம் தெளித்தாள்.

வழுக்கையில் ஐந்து விரலும் அழகாகச் சிவந்து பூத்தன. முதலில் சிரித்தவள் அந்த மாமியார்தான்.

"அவ பீடை என்மேல ஏறிடுச்சு!" என்று அலறினார் சாமியார்.

"சரி, நான் எதையும் தொடலை. முதலாளி, நீங்களே ரெண்டு டம்ளர்ல தண்ணி பிடிங்க. ஒண்ணுல மட்டும் பிரிக்காத மூட்டையிலேர்ந்து சோடா போடுங்க. ரெண்டுலயும் முதல் குப்பியிலேர்ந்து சொட்டு விடுங்க" என்றாள் நுரையக்கா.

முதலாளி விட்டார். வெறும் தண்ணீர் சும்மா இருந்தது. சோடாத் தண்ணீர் சிவந்தது.

"இப்ப அந்த ரெண்டாவது குப்பியை மோந்து பாருங்க."

மோந்தார். தும்மினார்.

"அப்போ பாக்கெட் ஏன் உப்புது?" என்றார் மச்சான், விடாமல்.

நுரையக்கா பாக்கெட் இயந்திரத்துக்குப் போகும் குழாயின் இணைப்பைக் கழற்றினாள். சொட்டு சிவக்காததால் சுத்தமான இடம் என்று சாமியார் ஆசீர்வதித்த அதே இணைப்பு. உள்ளே இருந்த ரப்பர் வளையத்தில் பச்சையும் கறுப்புமாக ஒரு விரல் கனத்துக்கு வழவழப்பு. நாற்றத்தில் முன்வரிசை பின்வரிசையாயிற்று.

"ஒரு மணி நேரம் கழுவுறதை இருபது நிமிஷத்துல முடின்னு சொன்னது யாரு? இணைப்பைக் கழட்டாதே, வேலை கெடுதுன்னு சொன்னது யாரு? பழைய பால் உள்ளயே கிடந்து அழுகுது, புதுப் பாலையும் கெடுக்குது. தேய்ச்சுக் கழுவுன இடத்துல பீடையாம், அழுகின இடம் புனிதமாம்!"

முதலாளி மச்சானைப் பார்த்தார். மச்சான் சாமியாரைத் தேடினார். வழுக்கையில் பூவோடு அவர் பின்வாசல் வழியாகப் போய்விட்டிருந்தார்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "அக்கா... நாளைக்கு வந்துடுவீங்கல்ல?"

"புதுக் கையுறை வந்தா நானும் வருவேன். சோதனைக்கூடத்துத் தம்பியையும் கூப்பிடுங்க." வளையத்தை அவர் கையில் வைத்தாள். "குழாயை மட்டும் இல்ல முதலாளி, மண்டையையும் அப்பப்போ திறந்து பாருங்க. மூடியே வச்சிருந்தா அதுவும் ஊசிப்போயிடும்."