கண்ணைப் பார்த்தாலே தெரியும்

வாசகரே, இப்போது நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப்போகிற இனம் எல்லா அடுக்குமாடிக் கட்டடங்களிலும் வளரும். தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ஒரு லிஃப்டும், அதில் ஏறி இறங்க நாலைந்து இளவட்டங்களும் இருந்தால் போதும், தானாகச் செழித்துவிடும். ஒருவனுடைய கண்ணைப் பார்த்தே, 'இவன் போதை மருந்து எடுக்கிறான்' என்று சொல்லிவிடும் இனம் அது. ரத்தப் பரிசோதனை வேண்டாம், டாக்டர் வேண்டாம், சம்பந்தப்பட்டவனிடம் ஒரு வார்த்தை கேட்கவும் வேண்டாம். கண் போதும்.

நம் ஆளுக்கு அந்தக் கட்டடத்தில் 'எக்ஸ்ரே' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் சந்தோஷம்தான் படுவார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரித்து, 'இதை நம்புவதற்கில்லை' என்று எழுதும் வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்ற அன்று நாற்காலியையும் சாவியையும் ஒழுங்காக ஒப்படைத்தவர், சந்தேகத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அவர் வேலை செய்யும் விதமே தனி. லிஃப்டின் கதவு மூடப்போகிற நேரத்தில் உள்ளே நுழைவார். அங்கே யாராவது ஒரு பையன் நின்றுகொண்டிருந்தால், அவன் கெட்ட நேரம்.

"என்ன தம்பி, ராத்திரி சரியாத் தூங்கலியா?"

"தூங்கினேனே சார்."

"அப்புறம் ஏன் கண்ணு சிவந்திருக்கு?"

சரி, தூங்கவில்லை என்று சொல்லிப் பார்க்கலாமே என்கிறீர்களா? ஏன் தூங்கவில்லை என்று கேட்பார். அதற்குள் கைபேசியின் டார்ச் எரிந்துவிடும். வெளிச்சம் பட்டதும் கண்மணி சுருங்கும். யாருக்குத்தான் சுருங்காது? உங்களுக்கும் சுருங்கும், எனக்கும் சுருங்கும், பூனைக்கும் சுருங்கும். எக்ஸ்ரேக்கு அது போதும். "சுருங்குது பாத்தியா!" என்பார். சுருங்காவிட்டால் "விரிஞ்சே இருக்கு பாத்தியா!" என்பார். லிஃப்ட் கீழ்த்தளத்தைத் தொடுவதற்குள் விசாரணை முடிந்து தீர்ப்பும் ஆகிவிடும். "நான் ஒண்ணும் சொல்லலப்பா, கண்ணு சொல்லுது" என்று பெருமூச்சு விட்டுவிட்டு இறங்கிப் போவார்.

இப்படி அவர் கண்டுபிடித்தவர்களில் இரவுப் பணி முடிந்து வந்த நர்ஸ் ஒருத்தி உண்டு. காதலி கைவிட்டதால் அழுதுகொண்டிருந்த கல்லூரி மாணவன் உண்டு. நீச்சல் குளத்திலிருந்து நேரே வந்த ஒரு வாத்தியாரும் உண்டு. எல்லாவற்றுக்கும் சிகரம், மூன்றாவது மாடி பேக்கரிக்காரன். கேக் செய்கிற கடையில் வேலை. ஒருநாள் அவன் சட்டைக் கையில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டார், பையில் ஒரு பொட்டலம் வேறு. விடுவாரா மனுஷன்? போலீசுக்குப் போன் பறந்தது. வந்த ஏட்டு பொட்டலத்தைப் பிரித்தார், முகர்ந்தார், விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார், கண்ணை மூடினார். கட்டடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"சர்க்கரைப் பொடி. நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா தம்பி, வீட்ல குழந்தைக்குப் பிறந்தநாள்" என்றார் ஏட்டு.

எக்ஸ்ரே அசந்தாரா? அதுதான் இல்லை. "இன்னைக்குச் சர்க்கரை. நாளைக்கு?" என்று கேட்டார். இந்த இனத்தின் தனிச்சிறப்பே இதுதான். தப்பாகிப் போன கணிப்பெல்லாம் இவர்களுக்கு முன்னெச்சரிக்கை.

நாட்டில் போதை மருந்தை எப்படி ஒழிப்பது என்பதற்கும் அவரிடம் திட்டம் உண்டு. ஒருத்தனைத் தூக்கில் போட்டால் போதும், மறுநாளே எல்லாம் சரியாகிவிடும். எந்த ஒருத்தனை? விற்கிறவனையா, வாங்குகிறவனையா, மூட்டை மூட்டையாகக் கடத்திவிட்டு மாளிகையில் உட்கார்ந்திருக்கிறவனையா? "யாரையாவது முதல்ல போடட்டும்யா, அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். சரி, மாட்டிக்கொண்டவர்களுக்கு வைத்தியம்? "வேணும். கண்டிப்பா வேணும். அதுங்களும் மனுஷங்கதானே?" குரல் தழுதழுக்கும். "ஆனா இங்க வேண்டாம்."

இவ்வளவும் பேசி முடித்துவிட்டு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டுதான் படுக்கப் போவார். தூக்க மாத்திரை. ஆரம்பத்தில் பாதிதான் போட்டார், பிறகு முழுசு, இப்போது ஒன்றோடு நிற்பதில்லை. கேட்டால், "இது வேற. இது டாக்டர் எழுதிக் கொடுத்தது" என்பார். எழுதிக் கொடுத்த டாக்டர் தொழிலை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிறது. மாத்திரைதான் இன்னும் போகவில்லை.

இந்த எக்ஸ்ரேயின் வீட்டில்தான் ஒரு மச்சினன் இருந்தான். மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். அவனைப் பற்றி நான் சொல்லும்போது கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள், ஏனென்றால் கட்டடத்தில் அவன் அக்காவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத விஷயம் இது. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழியில் விழுந்து அவனுக்கு முதுகு போயிற்று. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போன பிறகும் மாத்திரை கேட்டது உடம்பு. மருந்துக்கடைக்காரர் மாட்டேன் என்றார், சந்து முனையில் நின்ற ஒருவன் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை அவனே நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை. கடைசியில் அக்காதான், தான் வேலை பார்க்கும் பல் டாக்டரிடம் விசாரித்து, இரண்டு தெரு தள்ளியிருந்த போதை மீட்புச் சிகிச்சை மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

தினமும் காலையில் அங்கே போக வேண்டும். பழைய மாத்திரையின் ஏக்கத்தை அடக்க நாக்குக்கு அடியில் வைக்கிற ஒரு மாத்திரையை நர்ஸ் கண்முன்னே வைத்துக்கொண்டு, அது கரைகிற வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் வேலைக்கு. "காலையில எங்க போறான் இவன்?" என்று அத்தான் கேட்டபோது, "வாக்கிங் போறான். முதுகுக்கு நல்லதாம்" என்று அக்கா சொல்லிவைத்தாள்.

எக்ஸ்ரே நம்பினார். நம்பியதோடு விடவில்லை, பூரித்துப் போனார். மச்சினனின் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, "பாரு இவன் கண்ணை! எவ்வளவு தெளிவு! காலையில எழுந்திருச்சி நடந்தா இப்படித்தான் இருக்கும்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். மச்சினன் தன் கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்பான். அக்கா அவசரமாகச் சமையலறைக்குள் போய்விடுவாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் வினை வந்தது. சிகிச்சை மையம் இருந்த பழைய வீட்டை இடிக்கப் போகிறார்களாம். மையத்துக்காரர்கள் நம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் காலியாகக் கிடந்த கடையைக் கேட்டார்கள். குடியிருப்போர் கூட்டம் சம்மதித்தால் இங்கே. இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில். மச்சினன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். அவ்வளவு தூரம் போய் மாத்திரை வைத்துக்கொண்டு வந்தால் வேலை போய்விடும். வேலைக்குப் போனால் மாத்திரை போய்விடும். மாத்திரை போனால்? சந்து முனையில் நிற்கிறவன் இன்னும் அங்கேதான் நிற்கிறான். மச்சினனுக்கு அந்த வழியைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்.

கூட்டத்தில் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கப் போகிறவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம் கூடியது. எக்ஸ்ரே இஸ்திரி போட்ட சட்டையில் எழுந்து நின்றார். வைத்தியம் எவ்வளவு புனிதமானது என்று ஆரம்பித்தார், அந்தப் புனிதமான காரியத்துக்கு ஊருக்கு வெளியே நல்ல காற்றோட்டமான இடங்கள் எத்தனை இருக்கின்றன என்று விளக்கினார், மையம் இங்கே வந்தால் வீட்டு விலை என்ன ஆகும், பிள்ளைகள் என்ன ஆவார்கள், லிஃப்டில் யார் யாரோடு நிற்க வேண்டிவரும் என்று அடுக்கிக்கொண்டே போனார். கூட்டம் தலையாட்டியது. பேக்கரிக்காரன் மட்டும் ஆட்டவில்லை.

அத்தோடு உட்கார்ந்திருந்தால் ஜெயித்திருப்பார். ஆனால் நிபுணருக்கு நிபுணத்துவத்தைக் காட்டாமல் இருக்க முடியுமா?

"கெட்டுப்போன கண்ணு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியணும்னா, முதல்ல நல்ல கண்ணு எப்படி இருக்கும்னு பாக்கணும்" என்றவர், "மாப்ள, இங்க வா!" என்று மச்சினனைக் கூப்பிட்டார்.

அவன் போகவில்லை. அவர் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினார். டார்ச் எரிந்தது.

"பாத்துக்குங்க எல்லாரும். இதான் சுத்தமான கண்ணு. கலங்கல் இருக்கா? சிவப்பு இருக்கா? அந்த மாதிரி இடத்து வாசலையாவது இவன் மிதிச்சிருப்பானா?"

இரண்டாவது வரிசையில் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். மச்சினன் அவளைப் பார்த்தான். இப்போது பேசாமல் இருந்துவிட்டால் மானம் பிழைக்கும், தான் பிழைப்பது சந்தேகம் என்று அவனுக்குத் தெரிந்தது.

"தினமும் மிதிக்கிறேன் அத்தான்."

"என்னது?"

"அங்கதான் போறேன். தினமும். வாக்கிங் இல்ல அத்தான். ஒருநாள் கூட விடாம போய் மாத்திரை எடுத்துக்கிட்டுத்தான் வேலைக்குப் போறேன்." அவன் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினான். "நீங்க எல்லாருக்கும் காட்டினீங்களே, இந்தக் கண்ணு, இது அவங்க குடுத்தது. அவங்க தூரமாப் போயிட்டா எனக்கு இந்தக் கண்ணு இருக்காது."

டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அணைக்க வேண்டும் என்பதே எக்ஸ்ரேக்குத் தோன்றவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கண்ணைப் பார்த்து அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பேக்கரிக்காரன்தான் முதலில் கை தூக்கினான். "கடையை அவங்களுக்கே குடுத்துடலாம்" என்றான். பிறகு அந்த இரவுப் பணி நர்ஸ் தூக்கினாள், மாணவன் தூக்கினான், நீச்சல் குளத்து வாத்தியார் தூக்கினார். லிஃப்டில் டார்ச் வெளிச்சம் பட்டவர்கள் அத்தனை பேர் இருப்பார்கள் என்று எக்ஸ்ரே எதிர்பார்த்திருக்க மாட்டார். அவரும் எதற்கென்று தெரியாமல் கையைத் தூக்கியபடி நின்றார். டார்ச் கூரையைக் காட்டிக்கொண்டிருந்தது.

இந்த இனம் இத்தோடு அழிந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் இன்னும் இவர்களைப் புரிந்துகொள்ளவில்லை. வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றி, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்ததும் எக்ஸ்ரே சொன்னார்:

"எனக்கு அப்பவே தெரியும்."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "தெரியுமா? அப்ப ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. சிரித்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு அது அழுகையாகிவிட்டது. தம்பி ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டான். எக்ஸ்ரே இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மச்சினன் தோளில் கையை வைத்தார். "காலையில தனியாப் போகாத. நானும் வரேன்" என்றார். அதைச் சொன்னபோது அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. என்ன இருந்தாலும் மனுஷன் நல்லவர்தான், அதை நான் மறைக்கப் போவதில்லை.

மறுநாளிலிருந்து சிகிச்சை மையத்துக்கும் ஒரு நிபுணர் கிடைத்தார். அங்கே அவருக்கு என்ன சௌகரியம் என்றால், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேர் நாக்குக்கு அடியிலும் மாத்திரை. யாரும் வாயைத் திறந்து மறுத்துப் பேச முடியாது. இப்படி ஒரு சபை அவருக்கு ஆயுசிலேயே அமைந்ததில்லை. போதை என்றால் என்ன, உடம்பு எப்படிக் கேட்கும், மனசு எப்படி ஏமாற்றும், 'இன்னும் ஒன்று மட்டும்' என்று அது எப்படிக் கெஞ்சும் என்றெல்லாம் வெளுத்து வாங்கினார்.

நர்ஸம்மா மாத்திரை கொடுப்பதை நிறுத்திவிட்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சார், நீங்க தூக்கத்துக்கு ஏதாவது எடுக்கறீங்களா?"

"அது வேற. டாக்டர் எழுதிக் கொடுத்தது."

"எடுக்காம ஒருநாள் படுத்துப் பாத்திருக்கீங்களா?"

அவருக்கு முன்னால் வாயில் மாத்திரையோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க, உடம்புக்கு ஆகாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்" என்றாள் நர்ஸம்மா. "டாக்டர் வந்துடுவார். உக்காருங்க."

உட்கார்ந்தார். மச்சினன் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தான். சிரிக்கக்கூட முடியாது அவனால், மாத்திரை இன்னும் கரையவில்லை.

மையம் கீழ்த்தளக் கடைக்கு வந்துவிட்டது. இப்போதெல்லாம் இருவரும் ஒன்றாகத்தான் கீழ்த்தளத்துக்கு இறங்குகிறார்கள். லிஃப்டில் யாராவது கேட்டால், "மாப்ளைக்குத் துணைக்குப் போறேன்" என்கிறார் எக்ஸ்ரே. மச்சினன் ஆமாம் என்று தலையாட்டுகிறான். அவனுக்காக வீட்டில் ஒருத்தி இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் சொல்லியிருக்கிறாளே.

நல்லவேளை, நாம் அப்படியெல்லாம் இல்லை என்று நினைக்கிறீர்கள், இல்லையா? போன வாரம் எதிர்வீட்டுப் பையன் தள்ளாடி நடந்ததைப் பார்த்து வீட்டில் போய் என்ன சொன்னீர்கள்? அவனுக்குக் காலில் சுளுக்காம். போகட்டும், அதை விடுங்கள். இவ்வளவு நேரம் கண்ணை இமைக்காமல் படித்தீர்களே, எழுந்துபோய்க் கண்ணாடியில் ஒருமுறை பாருங்கள். லேசாகச் சிவந்திருக்கும். படித்ததால்தான் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். லிஃப்டில் உங்களோடு ஏறப்போகிறவருக்கு அது தெரியுமா?