உங்கள் தங்கை போனுக்குள் நலம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் இரு கை கூப்பி எழுதுவது. இங்கே நான், மகள், மாப்பிள்ளை மூவரும் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? உங்கள் தங்கையும் சுகம்தான். அந்தச் சுகம் எப்படிப்பட்ட சுகம் என்று சொல்லத்தான் இத்தனை தாளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். படித்து முடிக்கும்வரை போனை எடுக்காதீர்கள். எடுத்தால் அவளைக் கூப்பிடுவீர்கள். அதற்கு முன்னால் விஷயம் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். திட்டுவதானால் கடைசி வரி படித்துவிட்டுத் திட்டுங்கள்.

என் குணம் உங்களுக்குத் தெரியும். ஊர்க்காரர்களின் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிட்டே காலம் கழித்தவன். இப்போது கடையை மாப்பிள்ளை பார்த்துக்கொள்கிறார், நான் ஓரமாக உட்கார்ந்து பிரேம் துடைக்கிறேன். எனக்குப் போன் கிடையாது, வேண்டவும் வேண்டாம். மாப்பிள்ளை கால்பந்து மேட்சுக்கு அழைத்துப் போனாரே, அன்றைக்கே எனக்கு வெறுத்துவிட்டது. பின்சீட்டு ஆள் என் தோளைத் தட்டி, "சார், தலையைக் கொஞ்சம் சாய்ங்க, மறைக்குது" என்றான். உனக்குத் தெரியவில்லையா தம்பி என்று கேட்டேன். "எனக்குத் தெரியுது சார், போனுக்குத்தான் தெரியல" என்கிறான்! காசு கொடுத்து உள்ளே வந்தவன் இவன், மேட்ச் பார்க்கிறது அது. கோல் விழுந்த நேரத்தில் அரங்கம் முழுக்க அதற்கு முந்தைய கோலை யார் யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. பந்து வலைக்குள் போனதைப் பார்த்தது நானும் கோல்கீப்பரும்தான். அவன் பாவம், பார்க்காமல் இருக்க முடியாது.

இப்படி வாய் கிழியப் பேசியவன்தான் மாட்டிக்கொண்டேன். அதில் உங்களுக்கும் பங்கு உண்டு, சொல்கிறேனே என்று கோபிக்கக் கூடாது. "எங்க போனாலும் ஒரு வீடியோ அனுப்பும்மா, நேர்ல பார்த்த மாதிரியே இருக்கு" என்று உங்கள் தங்கையிடம் சொல்லிச் சொல்லியே நீங்கள் இந்தப் பக்கம் தலைகாட்டி வருஷக்கணக்காகிறது. போன வாரம் நகர மன்றத்தில் மேஜிக் ஷோ. உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்றே முன்வரிசை டிக்கெட் எடுத்தாள். கடைசி ஐட்டத்துக்கு, ஆள் உயரத்தில் ஒரு கறுப்புப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மேஜிக்காரர் ஒல்லியான மனிதர், ஜலதோஷம் பிடித்த குரல். கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்: "இது ஒண்ணுக்கு மட்டும் போனைக் கீழ வைங்க. மறைய வைக்கிறதுதான் என் வேலை. திரும்ப இழுத்துட்டு வர்றது உங்க கண்ணு." கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் கும்பிட்டதையும் படம் பிடித்தார்கள்.

"யாராவது மேடைக்கு வர்றீங்களா?" என்றதும் கையைத் தூக்கியது யார்? உங்கள் தங்கைதான். சின்ன வயதில் அவளுக்குச் செல்லம் கொடுத்தது நீங்கள், அனுபவிப்பது நான். போகிற போக்கில் தன் போனை என் கையில் திணித்து, "ஏங்க, அண்ணனுக்கு அனுப்பணும், ஆடாம பிடிங்க" என்றாள். அந்த அரங்கத்திலேயே வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆசாமி நான். நானும் போனைத் தூக்கினேன். ஆடாமல்தான் பிடித்தேன் மச்சான், அதில் குறை சொல்ல முடியாது. பெட்டி மூடியது, திறந்தது, காலி. மறுபடி மூடித் திறந்தார். திரையில் உங்கள் தங்கை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள், எனக்குக் கையாட்டினாள். கைதட்ட வேண்டுமே என்று போனை மடியில் வைத்து மேடையைப் பார்த்தேன். மேஜிக்காரர் நிற்கிறார். பெட்டி திறந்திருக்கிறது. உங்கள் தங்கை இல்லை. திரும்பிப் பார்க்கிறேன், அரங்கம் முழுக்க ஆயிரம் போன், அத்தனையிலும் குட்டிக் குட்டியாக அவள் படியிறங்கி வந்துகொண்டிருக்கிறாள். என் பக்கத்துச் சீட்டு மட்டும் காலி. என் மடியிலிருந்து அவள் குரல் கேட்கிறது: "என்னங்க, சரியா எடுத்தீங்களா?"

கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். தொழில்காரன் வேறு எப்படி நினைப்பான்? மறுநாள் கடையில் அந்தக் கனமான சோதனைப் பிரேமை மாட்டிக்கொண்டு, லென்ஸ் பெட்டியில் இருக்கிற பவர் ஒன்று விடாமல் செருகிச் செருகி அவள் எப்போதும் உட்காரும் நாற்காலியைப் பார்த்தேன். நாற்காலியின் நார் தெரிந்தது, அதில் ஊர்ந்த எறும்பு தெரிந்தது, அவள் தெரியவில்லை. போனைத் தூக்கினால் அங்கேயே உட்கார்ந்து, "காலங்காத்தால எதுக்குங்க இந்தக் கோமாளி வேஷம்?" என்கிறாள். வீட்டிலும் அதே கதை. திரையில் மேஜைமேல் ஆவி பறக்க டீ வைக்கிறாள், கையை நீட்டினால் வெறும் பலகை. திரையில் வீடு பெருக்கியிருக்கிறது, காலில் குப்பை ஒட்டுகிறது. சார்ஜ் இறங்கினால் அவளுக்குக் கொட்டாவி வருகிறது. பயந்துபோய் ஒயரைச் சொருகிவிட்டு, கட்டிப்போட்ட ஆடு மாதிரி சுவரோரம் அவளைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். சிரிக்காதீர்கள். அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து, காலியான அடுப்படியிலிருந்து வரவேண்டிய சத்தம் என் உள்ளங்கையிலிருந்து வருவதைக் கேட்டிருந்தால் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியவே இல்லை! அவர்கள்தான் கண்ணை எடுப்பதே இல்லையே. சாப்பிடும்போது போன், பேசும்போது போன், அம்மாவைச் சும்மா படம் எடுத்து விளையாட்டு. "அம்மாவைக் காணோம்மா" என்றேன். "என்னப்பா உளர்றீங்க, இதோ நிக்கிறாங்களே" என்று போனைத் திருப்பிக் காட்டினாள். "அதை இறக்கிட்டுப் பாரு" என்றேன். சலித்துக்கொண்டே இறக்கினாள். இறக்கியவள் போட்ட அலறலில் மாப்பிள்ளை மாடியிலிருந்து ஓடி வந்தார், அவரும் போனைப் பிடித்துக்கொண்டேதான் வந்தார். "அத்தை நல்லாத்தானே இருக்காங்க, எதுக்குக் கத்துறே?" என்றார்.

இவ்வளவோடு போயிருந்தால் பழகித் தொலைத்திருப்பேன். ஆனால் அவள் நாளுக்கு நாள் தள்ளிப்போனாள் மச்சான். முதல் நாள் திரை நிறைய முகம். அப்புறம் கூடத்தின் அந்தக் கோடியில். அப்புறம் வாசல்படியில். கிட்ட வா என்றால், "கிட்டத்தானே இருக்கேன்" என்கிறாள், அவளுக்கே தெரியவில்லை. நீங்கள் வியாழக்கிழமை வீடியோவில் பேசினீர்களே, நினைவிருக்கிறதா? முகம் பொலிவாக இருக்கிறது என்று மெச்சிவிட்டு, "ஏம்மா தெருவுல நின்னு பேசுறே, வீட்டுக்குள்ள போ" என்றீர்கள். அவள் வீட்டுக்குள்தான் இருந்தாள். கிட்டப்பார்வைக்கு லென்ஸ் உண்டு, தூரப்பார்வைக்கு உண்டு. ஆளே தூரமாகிக்கொண்டு போனால் அதற்கு என்ன பவர் கொடுப்பது? அன்றைக்கு நான் வெட்கத்தை விட்டு அழுதேன்.

வெள்ளிக்கிழமை மேஜிக்காரரைத் தேடிப் போனேன். மேடைக்குப் பின்னால் சின்ன அறை, கோட்டின் உள்துணியில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே என் கையிலிருந்த போனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நான் முதல்லயே சொன்னேன் சார். எங்கப்பா இதே பெட்டியை வெச்சு ஆடினார், ஒருத்தரும் இப்படி மாட்டினதில்லை. இப்பத்தான் அடிக்கடி ஆகுது. போன ஊர்ல ஒரு கணக்கு வாத்தியார். அவர் வீட்டம்மாவுக்கு இன்னும் விஷயமே தெரியாது. நல்லாத்தான் குடும்பம் நடக்குது." வழியே இல்லையா என்று கேட்டேன். ஊசியைக் கோட்டில் குத்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்குச் சாயங்காலம் கடைசி ஷோ. பெட்டிகிட்ட கூட்டிட்டு வாங்க. வெறுங்கண்ணு ஒரு ஜோடி இருந்தாப் போதும். ஆனா அது ஆளைத் தேடணும் சார், படத்தைத் தேடக்கூடாது."

ஒரு ஜோடியை நம்புவதை விட ஊரையே நம்பலாம் என்று சனிக்கிழமை மன்றத்து வாசலில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம், "தயவுசெஞ்சு கடைசி ஐட்டத்துக்குப் போனை இறக்குங்க, என் வீட்டுக்காரி உள்ள மாட்டிட்டு இருக்கா" என்று கெஞ்சினேன். என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சுற்றி நின்று என்னைப் படம் எடுத்தார்கள். ஒரு பெண், "தாத்தா, அந்த 'மாட்டிட்டு இருக்கா'வை இன்னொரு தடவை சொல்லுங்க, வெளிச்சம் சரியா விழலை" என்றாள். நானும் இன்னொரு தடவை சொன்னேன், அதுதான் வெட்கக்கேடு.

கடைசி ஐட்டம் வந்தது. போனைப் பிடித்தபடி நான் முன்னே நடக்க, அவள் திரைக்குள் எங்கோ பின்னால் வந்தாள். பெட்டிக்குள் போகச் சொன்னேன். மூடித் திறந்தார். அரங்கமே போனைத் தூக்கியது. என் திரையில் பெட்டியின் உட்சுவருக்கும் அப்பால், ஒரு நீளமான இருட்டின் கோடியில், கட்டைவிரல் அளவுக்கு நின்றாள். மேஜிக்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கை இறங்க மாட்டேன் என்கிறது மச்சான். இறக்கினால், இருக்கிற அந்தக் கட்டைவிரலும் போய்விட்டால்? திரையிலாவது இருக்கிறாளே, பேசுகிறாளே, இந்த மட்டும் போதாதா என்று மனசு பேரம் பேசியது. அப்போது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் அவள் குரல் கேட்டது. கடையில் கண் சோதிக்கும்போது ஒவ்வொரு லென்ஸுக்கும் நான் கேட்கிற கேள்வியை, என்னைக் கேலி செய்கிற அதே ராகத்தில் கேட்டாள்: "இப்ப நல்லாத் தெரியுதா, முன்னால நல்லாத் தெரிஞ்சுதா?"

முன்னால்தான் என்று சொல்லிவிட்டுப் போனைத் தரையில் வைத்தேன்.

பெட்டி காலி. கண் எரிய எரியப் பார்த்தேன். நான் அவளை முதன்முதலில் பார்த்த அன்று, கண் சோதிக்க என் கடைக்கு வந்து, நீங்கள் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்த போர்டு எழுத்தையெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தாளே, அந்தப் பொய்க்காரியைத் தேடினேன். சிரிக்கும்போது மூக்கில் வழுக்கும் கண்ணாடியை மணிக்கட்டால் தள்ளிவிடுவாளே, அவளைத் தேடினேன். முதலில் இருட்டில் ஒரு லென்ஸ் மினுங்கியது. பிறகு பிரேம், நான் நூல் சுற்றி ஒட்டிய அதே காதுக்கம்பி. பிறகு அதற்குப் பின்னால் இரண்டு கண். பிறகு மொத்தமாக அவள், என் கைக்கெட்டுகிற தூரத்தில். வெளியே வந்ததும் முதல் வார்த்தை: "இவ்வளவு நேரமா ஒரு மனுஷியை நிக்க வைப்பீங்க? கால் மரத்துப் போச்சு." கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. கூட்டம் என்னவோ ஊளையிட்டது, "ஏமாத்து, ஏமாத்து" என்று கத்தியது, டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டது. எதற்கென்று எனக்குப் புரியவில்லை. நாகரிகம் கெட்ட கூட்டம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

ஆக மச்சான், எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இப்போது அவள் எதிரே உட்கார்ந்து, குடிக்கக்கூடிய டீ ஒன்றை ஆற்றிக்கொண்டிருக்கிறாள். மகள் இந்த இரண்டு நாளாக அம்மாவின் முந்தானையை விடவில்லை. இனி நீங்கள் தாராளமாகப் போனை எடுக்கலாம், உங்கள் தங்கையிடம் ஆசைதீரப் பேசலாம். அண்ணிக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நோய் நொடியின்றி நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசி. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்பை மறவாத,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் போனை எடுக்கலாம் என்ற வரியை அடித்துவிடுங்கள். கடிதத்தோடு வைக்க, எங்கள் இருவரையும் மகள் படம் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். படத்தை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் நான் ஒரு காலி நாற்காலியின் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். மகள் போனைத் தூக்கித் தூக்கி இறக்கிப் பார்த்தாள். இறக்கினால் அம்மா இருக்கிறாள், தூக்கினால் இல்லை. பழைய படங்களிலும் இல்லை, அவள் நின்ற இடமெல்லாம் சுவர்தான். கூட்டம் எதற்கு ஊளையிட்டது என்று இப்போதுதான் புரிகிறது. உங்கள் போனில் இருக்கிற வீடியோக்களைத் தேடிப் பயனில்லை மச்சான். அவளிடம் சொன்னேன். கண்ணாடியை மணிக்கட்டால் தள்ளிக்கொண்டு சொன்னாள்: "அண்ணன்கிட்ட நான் நல்லா இருக்கேன்னு எழுதுங்க. பார்க்கணும்னா வரச் சொல்லுங்க."