ஆகா சொல்லும் வேலை

நிறைமணி நாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே நெல் விளைந்ததோ இல்லையோ, வாக்குறுதி மூன்று போகம் விளைந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் குடத்தில் கூழாங்கல் போட்டு அரசரைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்படி, வீட்டுக்கு ஒரு வேலை என்று சொல்லி அரியணை ஏறியவர் பெருவாக்குக் கோமான். ஏறிய பிறகு தேடிப் பார்த்தால் நாட்டில் வேலையே இல்லை. அதனாலென்ன, வீட்டுக்கு ஒரு மாயக் கண்ணாடி கொடுத்தார். வேலை இனி அதன் வழியே வீடு தேடி வரும் என்று முரசறைந்தார்கள்.

வடிவாம்பாள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. வெளியே போய் வேலை பார்க்க அவளுக்கு வழியில்லை. கோமானுக்கு நாற்பது முழச் சிலை எழுப்பியபோது, அவள் புருஷன் சடையாண்டி சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து கிடக்கிறான். அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். வீட்டிலேயே ஒரு வேலை கிடைத்தால் அவனையும் பார்த்துக்கொள்ளலாம், அடுப்பும் எரியும். அவள் கேட்டது அவ்வளவுதான், பாவம்.

கண்ணாடியில் வேலைகள் வந்து கொட்டின. அடுத்த வீட்டு முத்துவீரி, ஊதுவத்தி உருட்டும் வேலைக்கு முன்பணமாகத் தன் பசுவைக் கொடுத்தாள். பசு போனது, வேலை வரவில்லை. இப்படி ஊருக்கு நூறு பேர். அழுகை அரண்மனைக்கு எட்டியதும் அமைச்சரவை மூன்று நாள் யோசித்து ஒரு சட்டம் போட்டது. நேர்மையான வேலை விளம்பரம் எதுவானாலும் சிங்க முத்திரை வாங்கிக் குத்திக்கொள்ள வேண்டும், முத்திரை நூறு பொன். நேர்மையாகப் பிழைக்கிறவனிடம் நூறு பொன் ஏது? மோசடிக்காரர்கள்தான் வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள்.

அழுகை அப்போதும் ஓயவில்லை. எனவே இரண்டாவது சட்டம் வந்தது. ஏமாந்தவர்கள் கவனக்குறைவுக்காக அபராதம் கட்ட வேண்டும். மறுவாரமே, நாட்டில் ஏமாந்தவர் ஒருவர்கூட இல்லை என்று புள்ளிவிவரம் வெளியானது. என்னத்தைச் சொல்ல.

இந்தச் சமயத்தில்தான் வடிவாம்பாளின் கண்ணாடியில் அந்த விளம்பரம் மின்னியது. வீட்டில் இருந்தபடியே ஆகா சொல்லும் வேலை, அனுபவம் தேவையில்லை, மாதம் பத்துப் பொன். தொட்டுப் பார்ப்பதற்குள், வாழ்த்துகள், தாங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டீர்கள் என்று எழுத்து ஓடியது. பிணையாக மூக்குத்தி ஒன்று அனுப்பினால் போதுமாம்.

முத்துவீரிக்கு மனசு கேட்கவில்லை. "வேலை குடுக்கிறவன் நமக்குத்தானடி குடுக்கணும்? நம்மகிட்ட எதுக்கு வாங்குறான்? பேரு கேக்கல, ஊரு கேக்கல, அதுக்குள்ள தேர்ந்தெடுத்துட்டானாம்."

"சிங்க முத்திரை இருக்குக்கா. அரசாங்கம் பார்க்காமலா போட்டிருக்கும்?" என்று சொல்லி வடிவாம்பாள் மூக்குத்தியைக் கழற்றினாள்.

வேலை என்னவோ லேசானதுதான். கண்ணாடியில் ஏதோ ஓர் அறிவிப்பு வரும். படிக்க வேண்டியதில்லை, பார்த்து ஆகா என்றால் போதும். நாளுக்கு முந்நூறு ஆகா. சோறு வடிக்கும்போதும் ஆகா, சடையாண்டியைப் புரட்டும்போதும் ஆகா. முதல் மாதம் கூலி கேட்டால் இன்னும் ஆயிரம் ஆகா பாக்கி என்றது கண்ணாடி. இரண்டாம் மாதம், கூலியை விடுவிக்கக் கால்கொலுசு கேட்டது. அதையும் கொடுத்தாள். மூன்றாம் மாதம் அரிசிப் பானையைக் கவிழ்த்து வைத்தாள். தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம்.

கடைசியில் புருஷனை முத்துவீரியிடம் ஒப்படைத்துவிட்டு, அபராதமானாலும் ஆகட்டும் என்று தலைநகருக்கு நடந்தாள். குறைதீர் மண்டபத்தில் மேசை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவே குறைதீர் நாயகம் மட்டும் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, தடித்த ஏடு ஒன்றைப் புரட்டினார்.

"அம்மணி, தங்கள் பெயரில் இருபத்தேழாயிரம் ஆகாக்கள் பதிவாகியுள்ளன. முன்பே போட்ட முத்திரைச் சட்டத்துக்கு ஆகா. அபராதச் சட்டத்துக்கு ஆகா. சென்ற வெள்ளியன்று இந்த மண்டபத்தையே மூடும் சட்டத்துக்கும் தாங்கள் மனமார ஆகா சொல்லியிருக்கிறீர்கள். மனநிறைவோடு வாழும் ஒருவரிடம் நான் எவ்வாறு குறை கேட்பது?"

வடிவாம்பாள் ஏட்டை எட்டிப் பார்த்தாள். வேலை என்று நினைத்துத்தான் ஆகா சொன்னேன், படித்துப் பார்த்துச் சொல்லவில்லை என்றாள். யாரும் படிப்பதில்லை அம்மணி, அதுதான் ஏற்பாடு என்றார் அவர், சலிப்போடு. இந்த வருஷம் தேர்தல் வருமே, அப்போது பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் முணுமுணுத்தாள். தேர்தல் முடிந்துவிட்டது என்றார் நாயகம். வெயிலில் மக்கள் வரிசையில் நிற்பது கோமானுக்குப் பொறுக்கவில்லையாம். அதனால் குடங்களை உடைத்துவிட்டு, ஆகாக்களை எண்ணினார்களாம். கோமானே மீண்டும் கோமான்.

"அப்போ என் கூலி, ஐயா?"

"அது எங்கும் போகாது. அடுத்த தேர்தல் அறிக்கையில் முதல் வாக்குறுதியே அதுதான்."

அவள் திரும்பி நடந்தாள். ஊருக்குள் நுழைந்ததும் வீட்டுக்கு வீடு அந்தச் சத்தம் கேட்டது. கொல்லனின் மனைவி குழந்தைக்குப் பால் கொடுத்தபடி ஆகா என்றாள். நெசவு நின்றுபோன தறிக்காரன் கம்மிய குரலில் ஆகா என்றான். அரண்மனையிலிருந்து கேட்டால் இந்தத் தெரு எவ்வளவு சந்தோஷமாக இருப்பதாகத் தோன்றும் என்று நினைத்தபடியே வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் சடையாண்டியின் முதுகில் புண் கண்டிருந்தது. முத்துவீரி முடிந்தவரை பார்த்திருந்தாள். வடிவாம்பாள் கண்ணாடியைக் குப்புறப் போட்டுவிட்டு, அவனை மெல்லப் புரட்டினாள்.

"போன காரியம் என்னாச்சு வடிவு? வேலை போயிடுச்சா?"

"போகலைங்க. முடிஞ்சுபோச்சு. இனி அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் கூப்பிடுவாங்க."