பூட்டோடு தூங்கிய துணைவன்

டீக் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் முதல் புகார் வந்துவிட்டது.

'துணைவன் பூட்டை வைத்துக்கொண்டே தூங்குகிறான்' என்று திரையில் சிவப்பு எழுத்து.

அதைப் படித்தவருக்கு ஆபீசில் 'சந்தேகம்' என்று பெயர். வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போனபின் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிற ஆள். லிஃப்டை ஓட்டுகிற கம்ப்யூட்டர் பெட்டி செய்யும் அந்தக் கம்பெனியில், 'கண்காணி' என்ற காவல் புரோகிராமை எழுத மேனேஜர் அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு இதைவிட வேறு தகுதி வேண்டியிருக்கவில்லை.

எந்தக் கம்ப்யூட்டருக்கும் அடிமட்டத்தில் கர்னல் என்று ஒன்று உண்டு. எந்தப் புரோகிராம் தூங்குகிறது, எது விழிக்கிறது, எது எந்தப் பூட்டை எடுக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாமல் நடக்காது. ஒவ்வொன்று நடக்கும்போதும் அது ஒரு குரல் கொடுக்கும். கண்காணி அந்தக் குரல்களைக் கேட்டு, எல்லாம் விதிப்படி நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். விதி இதுதான்: ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம் மட்டுமே எடுக்கக்கூடிய பொதுப் பூட்டை எடுத்தவன் அதைத் திருப்பித் தராமல் தூங்கக் கூடாது. தூங்கினால் மற்றதெல்லாம் காத்துக் கிடக்கும். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிடும்.

"இனிமே எதுவா இருந்தாலும் நேரா கர்னல்கிட்டயே கேட்டுக்கலாம்" என்று சந்தேகம் வீட்டில் பெருமையாகச் சொல்லியிருந்தார். அது காதில் விழுந்த மாமனார், மாப்பிள்ளை ராணுவத்தில் உளவு வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று சொந்தபந்தம் முழுக்கத் தகவல் சொல்லிவிட்டார்.

லிஃப்ட் பெட்டியில் இருக்கும் அதே கர்னல்தான் ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலும் இருந்தது. அதனால் முதலில் தன் கம்ப்யூட்டரிலேயே கண்காணியைக் கர்னலோடு கோத்துப் பார்த்தார். கோத்ததும் மாட்டியது 'துணைவன்' என்ற இந்தப் புரோகிராம்.

துணைவன் யார் எழுதியது என்று பக்கத்து மேசையில் கேட்டார். மோட்டார் பிரிவாக இருக்கும் என்றார்கள். மோட்டார் பிரிவு கதவுப் பிரிவைக் கை காட்டியது. கதவுப் பிரிவில் ஒரு பெரியவர், நன்றாக ஓடுகிற எதையும் தொடாதே என்று அறிவுரை சொன்னார். கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். எல்லாரும் 'மெஷின் அக்கா' என்று கூப்பிடும் அவர் லீவு; வெள்ளிக்கிழமைதான் வருவார்.

அன்றைக்குத்தான் ஓர் ஆஸ்பத்திரிக்காரர்கள் கண்காணியைப் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குக் கண்காணி பிடித்துப்போனால் அவர்களுடைய புதுக் கட்டடத்து லிஃப்ட் பெட்டி ஆர்டர் எல்லாம் இந்தக் கம்பெனிக்கு. பிடிக்காவிட்டால் சந்தேகத்துக்கு வேலை இருக்குமா என்பதே சந்தேகம். வேலை நேரத்தில் தூங்கினார்கள் என்று போன மாதம்தான் மேனேஜர் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

துணைவனைப் பற்றி மேனேஜரிடம் சொன்னதற்கு அவர் யோசிக்கவே இல்லை. "திருடனைப் பிடிச்சிட்டு ஊர் பேரு விசாரிச்சுட்டு இருக்கீங்க. முதல்ல புகாரையெல்லாம் எழுதி வைங்க. வர்றவங்களுக்குக் காட்டலாம்."

எழுதி வைக்க ஒரு சின்ன புரோகிராம் செய்தார். அது ஒரு புகாரை எழுதப் பூட்டை எடுத்தது. எழுதி முடித்த களைப்பில் பூட்டோடு கண்ணயர்ந்தது. அதையும் கண்காணி பிடித்தான். அந்தப் புகாரை எழுத அது மறுபடி எழுந்தது, மறுபடி தூங்கியது. புகார் குட்டி போட்டு, குட்டி குட்டி போட்டு, மத்தியானத்துக்குள் கம்ப்யூட்டரில் ஓர் எழுத்துக்குக்கூட இடமில்லை.

அந்த எழுத்தரை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, வேறு வழி பார்த்தார். விதியை மீறினால் புகார் வேண்டாம். மீறியதையே அங்கேயே நிறுத்திவிடு. கண்காணி துணைவனை நிறுத்தினான். துணைவன் அடுத்த நொடியே உயிர்த்தெழுந்தான். நிறுத்தினான், எழுந்தான். சாயங்காலம் வரை நடந்த சண்டையில் கம்ப்யூட்டரின் மின்விசிறி மாவு மில் மாதிரி இரைந்தது.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"நேத்து மத்தியானத்துக்கு மேல எங்க போனீங்க?"

"சீட்டுலதான் சார் இருந்தேன்."

"இருந்தீங்க. என்ன பண்ணீங்க? எனக்கு எல்லாம் தெரியும்."

எப்படித் தெரியும் என்று யோசித்தபடியே சந்தேகம் சீட்டுக்குத் திரும்பினார். எழுந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் உழைத்த நாளைப் பற்றி இப்படியொரு பேச்சு. அன்றிரவு சோற்றைப் பிசைந்தபடியே அவர் கண்ணயர, மனைவி தட்டை இழுத்துக்கொண்டாள். "தூங்கறவனைப் பிடிக்கப் போயி உங்க தூக்கம் போனதுதான் மிச்சம்" என்றாள்.

அந்த ரோஷத்தில் அடுத்த நாள், துணைவனை எழுப்பிவிடுவது எது என்று தேடிக் கண்டுபிடித்து, அதையும் சேர்த்து முடக்கினார். ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் இதே துணைவன் குடியிருப்பது அப்போதுதான் தெரிந்தது. மேனேஜரிடம் ஓடினார்.

"எல்லாத்துலயும் கண்காணியைப் போடுங்க. ஒண்ணுலயும் அவன் இருக்கக் கூடாது. வேரோட பிடுங்குங்க" என்றார் மேனேஜர்.

பிடுங்கினார். மாடி முழுக்க அமைதி. ஒரு புகார் இல்லை. ஆனால் அன்று மாலைக்குள் மோட்டார் பிரிவு, கதவுப் பிரிவு, அறிவுரை சொன்ன பெரியவர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் மேனேஜர் அறைக்குப் போய் முகம் தொங்கித் திரும்பினார்கள். வேலையே செய்வதில்லையாம். பெரியவர் பாவம், அன்றைக்குத்தான் வருஷக்கணக்காகக் கிடப்பில் கிடந்த ஒரு வேலையை முடித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை இன்ஜினியர் அம்மாவும் இரண்டு பேரும் வந்தார்கள். லீவு முடிந்து வந்த மெஷின் அக்கா கம்ப்யூட்டர் திரையில் தெரிவதைச் சுவரில் விழச் செய்துவிட்டு ஓரமாக நின்றார். சந்தேகம், ஆபீசிலேயே துணைவன் மாட்டியதைச் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே ஒரு புரோகிராமைப் பூட்டோடு தூங்கவிட்டார். கண் மூடித் திறப்பதற்குள் கண்காணி அதைப் பிடித்து நிறுத்தினான். இன்ஜினியர் அம்மா தலையாட்டினார். சந்தேகத்துக்குப் பல நாள் கழித்து மூச்சு சீராக வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். பாராட்டு சந்தேகத்தின் பக்கம் போவதை மேனேஜரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

மெஷின் மட்டுமில்லை, மனிதர்களும் தன் கண்ணுக்குத் தப்ப முடியாது என்றார். யார் உழைக்கிறார்கள், யார் உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள் என்று தன் அறையிலிருந்தே தெரிந்துகொள்ள ஓர் ஏற்பாடு இருக்கிறதாம். இரண்டு நாளாக இந்த மாடியில் ஒருவர்கூட வேலை செய்யவில்லை என்று அது சொல்கிறதாம். இன்று மாலை எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பப் போகிறாராம். முதல் ஆள் சந்தேகம்.

 

இன்ஜினியர் அம்மாதான் பேச்சை மாற்றுவதுபோல, "உங்க ஆபீஸ்லயே முதல்ல ஒண்ணு மாட்டுச்சுன்னு சொன்னாரே, துணைவனோ என்னவோ. அது என்ன?" என்று கேட்டார்.

"யாரோ எழுதின குப்பை மேடம். வேரோட பிடுங்கச் சொன்னதே நான்தான்" என்றார் மேனேஜர்.

ஓரத்திலிருந்து மெஷின் அக்கா, மரியாதை குறையாமல், மெதுவாகச் சொன்னார்:

"சார், யார் தூங்கறாங்கன்னு பார்க்க, யாருக்கும் தெரியாம எல்லா கம்ப்யூட்டர்லயும் ஒண்ணு போடச் சொன்னீங்களே... அதுக்குப் பேருதான் சார் துணைவன்."